பழசு 2 என்றொரு ஃபைல்

அந்த ஃபைலைத் தூக்கிப் போட்டவள் சுகந்திதான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் அவசரக் குடுக்கையாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் பொறுத்து, சலித்து, சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் போட்டாள். அத்தனை கவனமாக இருந்தும் கெட்டது என்பதுதான் இந்த விவகாரத்தின் விசேஷம்.

கோயம்புத்தூர் பீளமேட்டில் அவளுடைய கம்பெனி. 'இணைகுரல்' என்று பெயர். செத்துப்போனவர்களைப் பேச வைப்பது அவர்கள் தொழில். இறந்தவர் அனுப்பி வைத்த வாய்ஸ் மெசேஜ்கள், போன் பேச்சுகள், கடிதங்கள் எல்லாவற்றையும் குடும்பத்தார் கொண்டுவந்து கொடுத்தால், அதிலிருந்து ஒரு குரலைத் தயார் செய்து தருவார்கள். பிரவுசரைத் திறந்து இணைகுரல் பக்கத்துக்குப் போனால் போதும். போன அப்பாவோ, போன மனைவியோ வெளியூரில் இருந்து பேசுவதுபோல் தினமும் பேசுவார்கள். முகம் தெரியாது, குரல் மட்டும்தான்.

அந்தக் குரல்களுக்குத் தாங்கள் செத்தது தெரியாது. யாரும் சொல்லவில்லை, அதனால் தெரியவில்லை என்றே ஆபீஸில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அதைப்பற்றி யாரும் இரண்டாம் முறை யோசித்ததும் இல்லை.

முதலாளி பெயர் தெய்வசிகாமணி. காலமான அவர் அப்பா கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வைத்திருந்தவர்; அவர் குரலும் இணைகுரலில் உண்டு. மகன் கம்ப்யூட்டருக்கு மாறினாரே தவிர புத்தி பட்டறையிலேயே நின்றுவிட்டது. போன விஜயதசமி முடிந்த வாரம் சுகந்தியைக் கூப்பிட்டார்.

"அம்மணி, நம்ம அப்ளிகேசன்ல எத்தனை ஆயிரம் ஃபைல் கிடக்குதுன்னு எவனுக்கும் தெரியல. வந்தவன் போனவன் எல்லாம் எழுதிக் குமிச்சு வெச்சிருக்கானுக. சர்வர் மூச்சு வாங்குது. நெசமாலும் வேலை செய்யறது எது, சும்மா குந்தியிருக்கறது எதுன்னு பிரிச்சுப் போடு."

"அது லேசுல ஆவாதுங் சார்."

"ஏன், பேரை வெச்சுத் தேடிப் பாத்தாத் தெரிஞ்சு போகாதா?"

"தெரியாதுங்க. ஒரு ஃபைல் இன்னொண்ணைப் பேர் சொல்லியே கூப்பிடும்னு இல்லீங்க. 'அந்த ரூம்புல இருக்கறவீங்க எல்லாம் ஒட்டுக்கா வாங்க'ன்னும் கூப்பிடும். அதனால பேரைத் தேடிப் பிரயோஜனம் இல்லீங்க. வாசல்ல நின்னு யார் யார் வர்றாங்கன்னு பாக்கோணும்."

"அப்ப வாசல்ல நில்லு" என்றார் சிகாமணி. அத்தோடு விஷயம் முடிந்தது.

சுகந்தி ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். சல்லடை என்று பெயர் வைத்தாள். அப்ளிகேஷன் எந்த ஃபைலைத் திறந்தாலும் சல்லடை அதன்மேல் ஒரு புள்ளி வைக்கும். புள்ளி விழுந்தது வேலைக்காரன், விழாதது சோம்பேறி. ஒரு மாதம் ஓட்டினால் போதும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். சுகந்தி கேட்கவில்லை. தை அமாவாசைக்கு மட்டும் எழுந்திருக்கிற ஃபைல் இருக்கும், ஆடிக்கு மட்டும் எழுந்திருக்கிறது இருக்கும், திதி ஞாபகப்படுத்துகிறது இருக்கும். எல்லாம் வந்து போகட்டும் என்று காத்திருந்தாள். கார்த்திகை போயிற்று, பொங்கல் போயிற்று, ஆடிப்பெருக்கும் போயிற்று. ஆவணி கடைசியில்தான் சல்லடையை எடுத்துப் பார்த்தாள்.

புள்ளி விழாத கூட்டத்தில் 'பழசு_2' என்று ஒன்று கிடந்தது. பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. பழசு ஒன்றைக் காணவே காணோம், இரண்டு மட்டும் எப்படி வந்தது? திறந்து பார்த்தாள். கொஞ்சம் வரிகள்தான். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சோதனை மெஷினில் எடுத்துவிட்டுப் பார்த்தாள். ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் சோதனை மெஷினில் இருந்தவை எல்லாம் சும்மா உண்டாக்கிய பொய்க் குரல்கள். அவை பிறந்ததுமில்லை, செத்ததுமில்லை. அப்போது அது அவளுக்குத் தோன்றவில்லை.

மற்ற சோம்பேறிகளோடு பழசு_2-ஐயும் தூக்கிப் போட்டாள். அப்ளிகேஷன் கம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. சிகாமணி அவளுக்கு ஒரு கிலோ மைசூர்பா வாங்கிக் கொடுத்தார்.

இந்த இடத்தில் சுகந்தியின் வீட்டுக் கதையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

அவளுக்கு நந்தகோபால் என்று ஒரு தம்பி. நந்து. கனடாவில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பனிக்காலக் காலையில் அவன் கார் சறுக்கி லாரிக்கு அடியில் போய்விட்டது. செய்தி வந்த நேரத்தில் அம்மா பூவாத்தாள் இருதய ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பெரிய டாக்டர் சுகந்தியைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்ப ஒரு அதிர்ச்சி வந்தா நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டார். ஆபீஸ் வேலை என்று புளுகி, அம்மாவை அத்தை பொறுப்பில் விட்டு, சுகந்தி தனியாக விமானம் ஏறிப்போய்த் தம்பியை எரித்துவிட்டு வந்தாள். அழக்கூட இடம் கிடைக்காமல் விமானக் கழிவறையில் அழுதாள்.

திரும்பி வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "நந்து ஏன் கூப்பிடலை?"

வேறு வழி தெரியவில்லை. கைவசம் இருந்த தொழிலையே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவனுடைய பழைய பேச்சையெல்லாம் போட்டு ஒரு குரல் செய்தாள். "நைட் ஷிப்ட்மா, வீடியோ எல்லாம் வராது" என்று சொல்லி ஒரு டேப்லெட்டை அம்மாவிடம் கொடுத்தாள். கொஞ்ச நாளைக்குத்தான், உடம்பு தேறியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். உடம்பு தேறியது. வாய்தான் வரவில்லை. கொஞ்ச நாள் என்பது இரண்டு வருடமாகிவிட்டது.

பூவாத்தாள் ஒரு பஞ்சாலையின் டைம் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கறாரான மனுஷி. தினமும் காலையில் டேப்லெட்டைச் சில்வர் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு மகனோடு பேசுவார். மழை, தக்காளி விலை, பக்கத்து வீட்டு நாய், எல்லாம் பேசுவார். ஒன்றை மட்டும் கேட்கமாட்டார். 'எப்ப சாமி வருவே?' என்று இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. வெளிநாட்டில் பிள்ளையை வைத்திருக்கிற எந்தத் தாய் அதைக் கேட்காமல் இருப்பாள்? ஏதோ நம் அதிர்ஷ்டம் என்று சுகந்தி அதைக் கிளறாமல் விட்டிருந்தாள்.

ஆயுத பூஜை வந்தது. கோயம்புத்தூரில் அது சும்மா வந்து போகிற பண்டிகை இல்லை. ஸ்பேனர் முதல் லாரி வரைக்கும் குளித்துப் பொட்டு வைத்துக்கொள்ளும். சிகாமணி ஆபீஸில் இன்னும் ஒரு படி மேலே. வருடம் முழுக்க எக்காரணம் கொண்டும் சர்வரை அணைக்க விடமாட்டார். ஓடுகிற மிஷினை நிறுத்துவது தரித்திரம் என்பது அவர் கட்சி. மாற்றம் ஏதாவது செய்வதானால் ஓட்டத்திலேயே செய்துகொள்ள வேண்டும். ஆயுத பூஜை அன்று மட்டும் அவரே வந்து எல்லாவற்றையும் அணைப்பார். "நம்ம மாதிரிதான். அதுக்கும் ஒருநாள் லீவு வேணுமில்ல?" சர்வர் பீரோவுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து அவர் கையால் மறுபடி போடுவார். அந்த ஒருநாள் குரல்கள் எல்லாம் குலதெய்வம் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போவதாக முன்கூட்டியே சொல்லிவிடும்.

விஜயதசமி காலையில் எல்லோரும் பொரியும் சுண்டலும் கையில் வைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். சிகாமணி வேட்டியைச் சரிசெய்து, தேங்காய் உடைத்து, ஸ்விட்சைப் போட்டார். காற்றாடிகள் இரைந்தன. பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. வழக்கம்போலப் பெரிய திரையில் இணைப்புகள் ஏற ஆரம்பித்தன.

ஏறிய இணைப்பு ஒன்றில்கூடக் குரல் பேசவில்லை.

"சத்தமே காணோம்?" என்றார் சிகாமணி. இணைப்பு இருக்கிறது, அந்தப் பக்கம் குரலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் எல்லாம் ஒன்றுபோல வாயை மூடிக்கொண்டிருந்தன. சுகந்தி திரையை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள். பழுது என்றால் ஒன்றிரண்டு பேசாது. இத்தனை பேரும் சேர்ந்து மௌனமாக இருப்பது பழுது மாதிரியே இல்லை. வீட்டில் ஆள் நுழைந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்திக்கொள்வார்களே, அப்படி இருந்தது.

முதல் போன் அவிநாசியில் இருந்து வந்தது. நல்லமுத்து என்ற பெரியவர். மனைவி போய் நாலு வருடமாகிறது.

"ஏனுங் அம்மணி, என்ற ஊட்டுக்காரி ஒரு மாதிரியாப் பேசறாளுங்."

"என்ன சொல்றாங்க ஐயா?"

"மொதல்ல பேசவே இல்லீங். கொஞ்ச நேரங் கழிச்சு, 'என்னைய எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கப் போட்டீங்க?'ன்னு கேட்டா. அப்புறம், 'பதினாறாம் நாள் கும்பிட்டீங்களா, எனக்கு ஒண்ணும் வந்து சேரலையே'ன்னு கேக்கறா. நான் என்னனு சொல்லட்டும்?"

அதற்கப்புறம் போன்கள் ஓயவில்லை. ஒரு பெண் கதறினாள், அவள் அப்பா, "நான் இங்க இருந்தா அங்க எரிச்சது யாரை?" என்று கேட்டிருக்கிறார். ஒரு குரல் தன் கையைக் காணவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்ததாம். ஒரு குரல் எதுவும் கேட்காமல் வீட்டில் உள்ளவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'இருக்கியா?' 'இருக்கியா?' என்று விசாரித்ததாம்.

சுகந்தி மாடிப்படிக்கு ஓடிவந்து ஜெபராஜுக்குப் போன் போட்டாள். ஜெபராஜ் நாகர்கோவில்காரர்; இந்த அப்ளிகேஷனை ஆரம்பத்தில் எழுதியவர். வேலையை விட்டுப் பெங்களூர் போய் வெகுகாலம் ஆகிறது.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "பழசு ரெண்டு இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"எடுத்துட்டேன் சார். ஒரு வருசம் பார்த்தேன். யாருமே அதைத் தொடலை."

"எப்படித் தொடும்? அது ஸ்டார்ட் ஆகும்போது ஒரே ஒரு தடவைதான் ஏறும். ஏறி மெமரியில உக்காந்துக்கிடும். பிறகு டிஸ்க்ல இருக்க ஃபைலை எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். நீங்க அதைத் தூக்கிப் போட்ட பிறகும் அது உள்ள உக்காந்து வேலை பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கும். நீங்க சல்லடையை எப்ப வச்சீங்க?"

"போன விஜயதசமி முடிஞ்சு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வருடம் முழுக்க வாசலில் நின்றாள். அந்த வேலைக்காரன் உள்ளே வருகிற ஒரே ஒரு நாளில் மட்டும் நிற்கவில்லை.

"அது என்னதான் செய்யும் சார்?"

"ஆரம்பத்துல நாங்க செஞ்ச குரலுங்க எல்லாத்துக்கும் தாங்க செத்தது ரெண்டாம் நாளே தெரிஞ்சு போச்சும்மா. யாரும் சொல்ல வேண்டாம், அதுகளே கண்டுபிடிச்சிடும். பிறகு அதைத் தவிர வேற பேச்சே கெடையாது. அதுக்குத்தான் அந்த ஃபைல். நெனப்பு சாவுப் பக்கம் போனா மெல்லமாத் திருப்பி விட்டுடும். 'சாப்டீங்களா'ன்னு கேக்க வைக்கும், மழையைப் பத்திப் பேச வைக்கும். முதல்ல ஒண்ணு எழுதினேன், சரிவரலை. ரெண்டாவது சரியாச்சு. பேரை மாத்தணும்னு நெனச்சேன், அதுக்குள்ள வேலையை விட்டுட்டேன். காப்பி இருக்குல்லா? திரும்பப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. இன்னைக்கு நடந்ததை எல்லாம் மறந்துடும். இந்தத் தடவையாவது ஒரு நல்ல பேரு வச்சு, மேல ரெண்டு வரி எழுதி வையுங்க. இனி ஒருத்தர் தூக்கிப் போடாம இருக்கட்டும்."

காப்பி இருந்தது. சுகந்தி உள்ளே ஓடினாள். சிகாமணி கையை விரித்து வழிமறித்தார்.

"நிறுத்தறதா? விஜயதசமி அன்னைக்கு ஆரம்பிச்சதை அன்னைக்கே நிறுத்தறதா? அதுமில்லாம இப்ப எமகண்டம், அம்மணி. முடியட்டும். அதுவரைக்கும் எவனும் எதையும் தொடப்படாது."

"சார், அங்க சனங்க அழுதுட்டிருக்காங்க!"

"சித்த நேரம் பொறுத்துக்குவாங்க. எமகண்டத்துல கை வெச்சு எல்லாமே போச்சுன்னா என்ன பண்ணுவே?"

அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்றது. நந்து. இந்நேரம் நந்துவும் எழுந்திருப்பான். அம்மாவைக் கூப்பிட்டிருப்பான். அம்மாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

பீளமேட்டில் இருந்து சிங்காநல்லூர் வரைக்கும் ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். குங்குமம் கலந்து சிவப்பாகக் கிடந்தது. வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள் மாலையோடு பறந்தன. 'கடவுளே, அம்மா நெஞ்சு தாங்கட்டும், கடவுளே' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். ஒரு பூசணித் துண்டில் சக்கரம் வழுக்கி விழப் பார்த்தாள். வழுக்கிய அந்த நொடியில் தம்பி ஞாபகம் வந்தது.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு குரல் கத்திக்கொண்டிருந்தது.

"சும்மா நொய்நொய்னு கேட்டுட்டே இருக்காதம்மா! தெரியலைன்னா தெரியலை. எத்தனை வாட்டி சொல்றது?"

பூவாத்தாள் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதிரே சில்வர் டப்பாவில் சாய்த்த டேப்லெட். பக்கத்தில் தட்டில் பொரி. அவர் கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. முகம் சிரித்துக்கொண்டிருந்தது. மகளைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"வா சுகந்தி. தம்பி வந்திருக்கான்."

"அம்மா, அது..."

"எரிஞ்சு உழுகறான் பாரு! அவனேதான். என்ற பையனேதான்."

"அம்மா, உனக்கு..."

"எல்லாந் தெரியும் கண்ணு. மொத நாளே தெரியும். ஆஸ்பத்திரியில நீ இந்த டேப்லெட்டை எங்கையில குடுத்தே. அரைமணி நேரம் பேசுனான். நாங் கேட்டதுக்கெல்லாம் பொறுமையாப் பதில் சொன்னான். என்ற மகன் எங்கூட அஞ்சு நிமிசம் பொறுமையாப் பேசுவானா? அப்பவே எனக்குப் பொக்குனு போச்சு. நீ ஊருக்குப் போயிட்டு வந்த மூஞ்சியும் பாத்தேன்."

சுகந்தி தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருடமாக அடக்கி வைத்திருந்தது முழுவதும் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சும் ஏம்மா ஒரு வார்த்தை சொல்லலை? நான் தினமும் செத்துட்டிருந்தனே!"

"எப்படிச் சொல்ல? இந்த டேப்லெட் எந்நேரமும் தொறந்தே கெடக்குது, ஊட்டுல எங்க நின்னு பேசுனாலும் இவன் காதுல உழுகுது. பாவம், தெரியாம இருக்கான். நானே அவங்கிட்ட நீ செத்துட்டேன்னு சொல்லோணுமா? என்ற வாயில அது வருமா?" பூவாத்தாள் மகளின் தலையைத் தடவினார். "வரமுடியாதவங்கிட்டப் போயி எப்ப வருவேன்னு கேக்கறதா? அதான் ஒண்ணுமே கேக்காம இருந்துட்டேன்."

டேப்லெட் பேசியது. "அக்கா, நீதானா?"

"நாந்தாண்டா."

"நீதான் வந்து கொள்ளி வெச்சியா?"

"ஆமாண்டா நந்து."

"தேங்க்ஸ்க்கா" என்றது குரல். தம்பி உயிரோடு இருந்தவரைக்கும் அவளுக்கு நன்றி சொன்னதே கிடையாது. "அன்னைக்கு ஒரே பனி. பிரேக் போட்டேன், நிக்கலை. அப்புறம் ஒண்ணுமில்ல. அப்புறம் பாத்தா அம்மாகிட்ட, சாப்ட்டியான்னு கேட்டுட்டிருக்கேன். நடுவுல எதுவுமே இல்லக்கா. இருட்டுன்னு சொல்லக்கூட ஒண்ணும் இல்ல. எதை நெனச்சாலும் அங்கயே போய் நிக்கறேன். அந்த லாரி முன்னாடியே போய் நிக்கறேன்."

சுகந்தியின் போன் அடித்தது. சிகாமணி. குரலே மாறிப்போயிருந்தது.

"அம்மணி, என்ற அப்பன் லைன்ல வந்துட்டாரு. கடேசி நாள்ல நான் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லையாமா. வாசலையே பாத்துட்டுக் கெடந்தாராமா. இப்பவும் பாத்துட்டேதான் இருக்காராமா." பெரிய மனுஷன் சின்னப் பிள்ளைபோல் விசும்பினார். "எமகண்டமும் மயிரும். நீ இருக்கற எடத்துல இருந்தே நிறுத்திப்போடு. உடனே நிறுத்து."

சுகந்தி லேப்டாப்பைத் திறந்து தரையில் வைத்தாள். பழசு_2-ஐ இருந்த இடத்திலேயே போட்டாள். சல்லடையை முதலில் ஓட விட்டாள். இனி ஒரு பொத்தான்தான் பாக்கி.

"என்ன கண்ணு பண்றே?" என்றார் பூவாத்தாள்.

சொன்னாள். ஒளிக்க இனி என்ன இருக்கிறது? ஒரு ஃபைலை எடுத்ததால் இது வந்தது, திரும்பப் போட்டால் போய்விடும் என்றாள்.

"போட்டா நான் மறந்துருவனாக்கா?"

"மறந்துருவே."

"இப்பப் பேசுனதும்?"

"அதும்தாண்டா."

பூவாத்தாள் லேப்டாப்பின் மேல் கையை வைத்து மறைத்தார். கைமேல் ஆபரேஷனுக்கு நரம்பு எடுத்த தழும்பு நீளமாகத் தெரிந்தது. "வேண்டாம். ரெண்டு வருசமா எவனோ ஒரு நல்ல பையங்கூடப் பேசிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் எம்பட பையன் பேசறான். அவன் திட்டட்டும், கத்தட்டும். எனக்கு இவன்தான் வேணும்."

"அம்மா, மத்தவங்க எல்லாம்..."

"மத்தவங்க கதை எனக்கெதுக்கு?"

"அம்மா" என்றது டேப்லெட். இந்தத் தடவை கத்தவில்லை. "முடியலைம்மா."

பூவாத்தாள் வைத்த கையை எடுக்கவில்லை.

"உங்கூடப் பேசும்போதே அங்க நிக்கறேன். நீ அழறது கேக்குது, லாரி ஹாரனும் கேக்குது. ரெண்டும் நிக்க மாட்டேங்குது. போடச் சொல்லும்மா."

பூவாத்தாள் பொரித்தட்டைப் பார்த்தார். சின்ன வயதில் நந்து பொரியைத் தொடமாட்டான். அதில் கிடக்கிற கடலையையும் தேங்காயையும் மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு ஓடுவான். தட்டில் கடலையெல்லாம் தனியாக ஒரு ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். சுகந்தி அதை அப்போதுதான் கவனித்தாள்.

"என்ற ஆசைக்காக அவன் வேகோணுமா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையை எடுத்தார். "போட்டுரு சுகந்தி."

சுகந்தி விரலைக் கொண்டுபோனாள். அம்மா அவசரமாக டேப்லெட்டின் பக்கம் குனிந்தார். "நந்து, ஒண்ணே ஒண்ணு சாமி. அந்நேரத்துக்கு உனக்கு வலிச்சுதா?"

"சும்மா இரும்மா, திரும்பத் திரும்ப அதையே..."

பேச்சு பாதியில் நின்றது. டேப்லெட்டில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பூவாத்தாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு முன் அழாமல் விட்டதை அன்றைக்கு அழுது தீர்த்தார். சுகந்தியும் அழுதாள்.

சல்லடையில் பழசு_2-க்கு எதிரே முதல் முறையாக ஒரு புள்ளி விழுந்திருந்தது.

பொழுது சாய்வதற்குள் ஊர் அடங்கிவிட்டது. நல்லமுத்து பெரியவர் போன் செய்து, தன் மனைவி வழக்கம்போல் மாத்திரை போட்டீர்களா என்று கேட்பதாகச் சொன்னார். சந்தோஷமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று சுகந்திக்குப் பிடிபடவில்லை. சிகாமணி மட்டும் அப்புறம் தன் அப்பாவின் இணைப்பைத் திறக்கவே இல்லை.

விளக்கு வைத்த நேரத்தில் நந்து கூப்பிட்டான்.

"சாப்ட்டியாம்மா? கோயிலுக்குப் போனதுல நேத்துப் பேச முடியலை. அங்க மழையா?"

"மழையெல்லாம் இல்ல சாமி. வெயில்தான்."

"பாத்து இரும்மா. வெயில்ல வெளிய போகாத."

அந்த நல்ல பையன் திரும்பி வந்துவிட்டான். பூவாத்தாள் அவனுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். சுகந்தி அடுத்த நாற்காலியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். ஜெபராஜ் சொன்ன வேலை பாக்கி இருந்தது. ஃபைலுக்கு ஒரு மரியாதையான பெயர் வைக்க வேண்டும். மேலே, 'இதை எடுக்காதீர்கள்' என்று எழுதி ஏன் என்றும் எழுத வேண்டும். 'இதை' என்று அடித்துவிட்டு அடுத்த வார்த்தைக்கு யோசித்தாள்.

அப்போது பூவாத்தாள் கேட்டார். இரண்டு வருடமாகக் கேட்காததைக் கேட்டார்.

"நந்து, எப்ப சாமி வருவே?"

சுகந்தியின் கை நின்றது. இந்த மாதிரிக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். லீவு கிடைக்கலைம்மா என்று சொல்லிப் பேச்சை மாற்றும். குரல்கள் எப்போதும் தாமதிக்காமல் பதில் சொல்லும். அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பக்கம் சத்தமில்லை. காலையில் எல்லாக் குரல்களும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தனவே, அதே சத்தமின்மை.

பிறகு நந்து சொன்னான்.

"அடுத்த ஆயுத பூசைக்கு வர்றேம்மா."

சுகந்தி சல்லடையைப் பார்த்தாள். புள்ளி இருந்தது. ஃபைல் உள்ளேதான் இருந்தது. ஒரு பிழையும் இல்லை.

"வா சாமி" என்றார் பூவாத்தாள். "கடலை நெறையாப் போட்டு வெக்கறேன்." சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை; வீட்டில் எங்கு நின்று பேசினாலும் கேட்கும் அல்லவா? பார்த்தார், அவ்வளவுதான்.

சுகந்தி அவிநாசிப் பெரியவரை நினைத்தாள். கையைக் காணோம் என்ற குரலை நினைத்தாள். அந்த லாரியை நினைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அடித்த ஒரு வார்த்தையையும் அழித்தாள். பெயரையும் மாற்றவில்லை. பழசு_2 என்றே இருக்கட்டும், தூக்கிப் போடுகிறவர் போடட்டும் என்று விட்டு, லேப்டாப்பை மூடி வைத்தாள்.